கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேசுகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று ஒரு கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். பரீட்சைக் கணக்கு அல்ல. நம் வீட்டுக் கணக்கு.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? போய்ச் சேர எவ்வளவு நேரம்? கணக்கு இவ்வளவுதான். "இதிலென்ன பெரிய கணக்கு, நாலு மணி நேரம்னு எல்லாருக்கும் தெரியுமே" என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் அந்த நாலு மணி நேரத்துக்குள்ளே பூகோளம் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, நம் குடும்பங்களின் கண்ணீரும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நூலால் அளப்போம்

மாணவர்களே, முதலில் தூரம். பூமி உருண்டை. அதன் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோ மீட்டர். ஒரு முழு வட்டத்துக்கு 360 பாகை. 40,000-ஐ 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோ மீட்டர் வரும். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நடுவே பூமியின் வளைவில் இருப்பது 23 பாகைக்குச் சற்று மேல், இருபத்து மூன்றரையைத் தாண்டும். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 2,630 கிலோ மீட்டர் வரும். நம் பெரியவர்கள் கணக்கில் சொன்னால் சுமார் 1,630 கட்டை.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள உருண்டையாக இருந்தால், கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஒரு சுண்டுவிரல் நீளம்! அந்த நூல் போகும் வழியைப் பாருங்கள். மலாக்கா நீரிணையைத் தொட்டு, சுமத்திராவின் அச்சே முனைக்கு வடக்கே கடந்து, நிக்கோபார் தீவுகளை ஒட்டி, வங்காள விரிகுடாவில் ஏறி, சென்னையில் இறங்குகிறது. இது புது வழி என்று நினைக்காதீர்கள். 1025-ஆம் ஆண்டு வாக்கில் இராஜேந்திர சோழனின் கடற்படை வென்றதாகத் தஞ்சாவூர்க் கல்வெட்டு கூறும் ஊர்ப் பெயர்களிலே கடாரமும் உண்டு, மாநக்கவாரமும் உண்டு. கடாரம் நம் கெடா. மாநக்கவாரம் அந்த நிக்கோபார். அன்றைக்குக் கப்பல் போன கடலுக்கு மேலேதான் இன்றைக்கு விமானம் போகிறது.

தட்டையான படத்தில் அடிக்கோல் வைத்து அளந்தால் என்ன? நமக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். ஆனால் வடக்கே போகப் போகப் படம் நம்மை ஏமாற்றும். பெங்களூரிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குப் படத்தில் கோடு போட்டால் அது பசிபிக் கடலின் குறுக்கே போகும். உருண்டையில் நூல் பிடித்தால் அது வட துருவத்தின் பக்கமாக ஏறி இறங்கும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அந்தத் துருவ வழியாகவே பறந்தது. இரண்டு ஊருக்கும் நேர் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோ மீட்டர். பறந்த நேரம் ஏறத்தாழ 17 மணி. விமானி அறையில் இருந்த நால்வரும் பெண்கள். தலைமை விமானியின் பெயர் ஸோயா அகர்வால். "பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்று கேட்கிறவர்கள் இன்னும் எங்கேயாவது இருந்தால், தாய்மார்களே, இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

மூன்று மணி ஏன் நாலு மணி ஆகிறது?

இனி நேரம். பெரிய ஜெட் விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்த பிறகு மணிக்கு ஏறத்தாழ 850 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும். 2,630-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்று மணி ஆறு நிமிடம்தான் வருகிறது. ஆனால் பயணச் சீட்டில் ஏறத்தாழ நாலு மணி என்று போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போயிற்று?

விமானம் வாசலை விட்டு நகர்ந்ததும் பறந்துவிடுவதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். சிப்பாங் நிலையத்தின் ஓடுபாதைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலு கிலோ மீட்டர் நீளம். வரிசையில் நின்று முறை வந்த பிறகுதான் எழும்பும். ஏறத்தாழ 11 கிலோ மீட்டர் உயரத்துக்கு ஏறும்போதும், அங்கிருந்து இறங்கும்போதும் முழு வேகம் இருக்காது. நடுவானிலும் நூல் பிடித்த மாதிரி போக முடியாது. வானத்திலும் சாலைகள் உண்டு. ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அவற்றுக்கென்று குறித்த வழிகள் உண்டு. அதோடு காற்று. மணிக்கு 50 கிலோ மீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 900 ஆகும். எதிர்த்து வந்தால் 800 ஆகும். முன்னதில் இரண்டு மணி 55 நிமிடம், பின்னதில் மூன்று மணி 17 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், 22 நிமிட வித்தியாசம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று வீசுகிறது. அதைப் பற்றி 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எழுதியவர் கோடேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். கீழே குடையைப் பறிக்கும் காற்று ஒரு பக்கம் போகும்; மேலே விமானத்தைத் தள்ளும் காற்று வேறு பக்கம் போகும்.

கடிகாரம் செய்யும் வேடிக்கை

இங்கே காலை பத்து மணிக்குப் புறப்பட்ட விமானம் சென்னையில் இறங்கும்போது அங்கே மணி பதினொன்றரை. "ஒன்றரை மணி நேரத்திலேயே வந்துட்டோமே!" என்று முதல் தடவை போகிறவர்கள் வாய் பிளப்பார்கள். திரும்பி வரும்போது அங்கே பதினொரு மணிக்கு ஏறினால், இங்கே இறங்க மாலை ஐந்தரை ஆகிவிடும். போகும்போது கொடுத்ததை வரும்போது பிடுங்கிக்கொள்கிறது கடிகாரம். காரணம், நம் மணிக்கும் இந்திய மணிக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூரியன் ஒரு பாகையைக் கடக்க நாலு நிமிடம். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் தீர்க்கரேகையில் இருபத்து ஒன்றரைப் பாகை வித்தியாசம். அப்படியானால் சூரியன் கணக்குப்படி 86 நிமிடம்தான் வர வேண்டும். 150 நிமிடம் எப்படி வந்தது? நம் நாடு சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வைத்திருக்கிறது. அது 120 பாகைக் கோட்டின் நேரம். நாம் இருப்பதோ 102 பாகைக்குச் சற்றுக் குறைவில். ஆகவே நம் கடிகாரம் சூரியனுக்கு ஏறத்தாழ 73 நிமிடம் முன்னே ஓடுகிறது. நடுப்பகல் உச்சி வெயில் நமக்குப் பன்னிரண்டுக்கு அல்ல, ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. சென்னைக் கடிகாரமும் சூரியனுக்கு ஒன்பது நிமிடம் முன்னே ஓடுகிறது. 86-உடன் 73-ஐக் கூட்டி, ஒன்பதைக் கழியுங்கள். 150 வரும். கணக்கு பொய் சொல்லாது.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். முன்பு இந்த வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம்தான். 1982-ஆம் ஆண்டு பிறந்த இரவில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அன்றிலிருந்துதான் இரண்டரை. விடியுமுன்னே எழுந்து பிரட்டுக்குப் போனவர்களுக்கு அந்த அரை மணியின் அருமை தெரியும்.

ஒரு வாரத் தூரம்

இப்போது ஏறத்தாழ நாலு மணி நேரமாக இருக்கும் தூரம், நம் முன்னோர்க்கு எவ்வளவாக இருந்தது? ஒரு கப்பல் மணிக்கு 12 கடல் மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். இரவு பகல் நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 530 கிலோ மீட்டர். 2,630-ஐக் கடக்க ஐந்து நாள். வழியில் துறைமுகங்களில் நின்று போவதையும் சேர்த்தால் ஒரு வாரம் போல ஆகும்.

அந்தக் கப்பல்களில் பேர் பெற்றது ரஜூலா. 1926-இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்தது. மேல்தளப் பயணிகள் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்றிருந்த கப்பல். பாயும் படுக்கையும் டிரங்குப் பெட்டியுமாகச் சனங்கள் தளத்திலேயே இடம் பிடித்துக்கொண்டார்கள். 1973-இல் ரஜூலாவின் ஓட்டம் நின்றது. அதற்குள் போர்ட் சுவெட்டன்ஹாமும் 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பேர் மாறிவிட்டது. பிறகு எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதோடு அந்தக் கப்பலின் கதையும் முடிந்தது.

நம் கேரி தீவிலிருந்து கிள்ளான் துறைமுகம் கூப்பிடு தூரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இங்கிருந்து வெளியே போவதற்கே ஒரு காலத்தில் லங்காட் ஆற்றைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. பாலம் பிறகுதான் வந்தது. அடுத்த கரையே தூரமாக இருந்த காலத்தில், அக்கரைச் சீமை எவ்வளவு தூரமாக இருந்திருக்கும்!

என் பாட்டி சொல்வார். அவருடைய அப்பா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஊரில் தாயார் இறந்த செய்தி தந்தியில் வந்ததாம். கிராணி படித்துச் சொன்னாராம். உடனே கப்பல் ஏறினாலும் கருமாதிக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. அடுத்த கப்பல் எப்போது என்பதும் தெரியாது. லயத்தின் பின்னாலே இருந்த ஆற்றில் முழுகிவிட்டு, மறுநாள் காலையில் பிரட்டுக்குப் போய் நின்றாராம். "அழுவறதுக்கும் தோட்டத்துல லீவு கிடையாது" என்பார் பாட்டி. இதைப் படிக்கும் உங்களில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

1965-இல் சுபாங் விமான நிலையம் வந்தது. 1998 ஜூன் 27-இல் சிப்பாங் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நம் தீவிலிருந்து அது நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோ மீட்டர்தான். 2008-இல் மலிவுக் கட்டண விமானம் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. கங்காணி காட்டிய வழியில் கப்பலேறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரைப் பார்த்து வருகிற காலமும் வந்தது.

எது கிட்டம், எது தூரம்?

இப்போது பெற்றோர்க்கு ஒரு கணக்கு. உங்கள் உறவினர் ஊர் திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போய்ப் போவதா, நேராகத் திருச்சிக்கே போவதா? தூரத்தைப் பார்த்தால் திருச்சிதான் அதிகம். ஏறத்தாழ 2,690 கிலோ மீட்டர். சென்னையைவிட 60 கிலோ மீட்டர் கூட.

நேரத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் ஒன்றரை மணி. முன்கூட்டியே போய்க் காத்திருக்க மூன்று மணி. பறக்க நாலு மணி. இறங்கிக் குடிநுழைவு முடிந்து பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி. இதுவரை இரண்டுக்கும் ஒன்றுதான்: ஒன்பதரை மணி. திருச்சியில் இறங்கினால் இன்னும் ஒரு மணி நேரத்தில் வீட்டு வாசல். மொத்தம் பத்தரை. சென்னையில் இறங்கினால் திருச்சிக்குப் பேருந்தில் ஆறரை மணி, பிறகு அந்த ஒரு மணி. மொத்தம் பதினேழு. தூரம் கூடின வழியில் நேரம் ஆறரை மணி குறைகிறது! பதினேழு மணி நேரப் பயணத்தில் விமானம் பறப்பது நாலு மணிதான், கால்பங்குகூட இல்லை. ஆகவே தூரம் என்பது வேறு, போய்ச் சேரும் நேரம் என்பது வேறு. வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போடுகிறவனே சரியாகக் கணக்குப் போடுகிறவன். வேலையில் சேர, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க, மருத்துவமனைக்கு ஓட, எல்லாவற்றுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அதே வாரத்தில் இந்தியாவும் அனைத்துலகப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. விமானம் இருந்தது, ஓடுபாதை இருந்தது, 2,630 கிலோ மீட்டர் ஒரு கிலோ மீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் போக முடியவில்லை. அண்ணன் தம்பியின் சாவைக் கைப்பேசியில் பார்த்து அழுதவர்கள் நம்மிடையே உண்டு. தந்தி வந்த காலத்துத் தூரம் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது.

கொள்ளைநோய் போய்விட்டது. வானம் திறந்துவிட்டது. ஆனால் சிலருக்கு அது இன்னும் திறக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் கணக்குப் போட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஓர் இளைஞர். நல்ல உழைப்பாளி. திருச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்த அக்காள் திடீரென்று இறந்துபோனார். லயத்தில் எல்லாரும் வெள்ளி போட்டுச் சீட்டுக்குப் பணம் சேர்த்துவிட்டார்கள். அன்று இரவே விமானம் இருந்தது. ஆனால் அவரிடம் கடப்பிதழ் இல்லை. கடப்பிதழ் எடுக்க நீல அடையாளக் கார்டு வேண்டும்; அதுவும் இல்லை. அடையாளக் கார்டுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். அவர் பிறந்தபோது யாரும் பதிந்து வைக்கவில்லை. பெற்றோர் படிக்காதவர்கள்; நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டது முப்பது வருடமாகிவிட்டது. சேர்த்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். கப்பல் காலத்தில் என் பாட்டியின் அப்பா நின்ற அதே இடத்தில், ஜெட் விமானக் காலத்தில் அவரும் நின்றார். நமக்கு நாலு மணி நேரம். அவருக்கு அந்தத் தூரத்தை அளக்க எந்த நூலும் போதாது.

பெற்றோர்களே, தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். குழந்தை பிறந்தால் பெயர் வைக்கும் விழாவுக்கு முன்னே பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். திருமணத்தைச் சட்டப்படி பதிந்துகொள்ளுங்கள். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் அடையாளக் கார்டு எடுத்துக் கொடுங்கள். பயணம் போகிறவர்கள் கடப்பிதழில் இன்னும் ஆறு மாதமாவது தவணை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவுக்கு விசா வேண்டும்; அதைக் கணினி வழியே விண்ணப்பிக்கலாம். பத்திரங்களை அரிசிப் பானைக்குப் பின்னாலே சுருட்டி வைக்காமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வழி தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். பாரம் நிரப்பித் தர ஆசிரியர்கள் இருக்கிறோம். பேனா பிடிக்கக் கற்றதே அதற்குத்தான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்? எத்தனை நாளில் வந்தார்? பதிலை ஒரு தாளில் எழுதி உங்கள் பிறப்புப் பத்திரத்தோடு அதே கோப்பில் வையுங்கள். பிறகு உருண்டையை எடுத்து அந்த ஊருக்கு நூல் பிடித்துப் பாருங்கள். அங்கேயே நின்றுவிடாதீர்கள். இலண்டனுக்குப் பிடியுங்கள், ஏறத்தாழ 10,600 கிலோ மீட்டர். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பிடியுங்கள், 15,300-ஐத் தாண்டும். இந்தத் தீவின் செம்பனை மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிற பிள்ளை, விமானத்தில் பயணியாகவும் போகலாம், விமானத்தை ஓட்டிக்கொண்டும் போகலாம், எந்த வழியில் போக வேண்டும் என்று தரையிலிருந்து சொல்லிக் கொடுக்கும் அதிகாரியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் கணக்கு வேண்டும். மூன்றுக்கும் பத்திரம் வேண்டும்.

கணக்கை நீங்கள் படியுங்கள். பத்திரத்தைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டும் கைகூடினால் எந்த ஊரும் தூரமில்லை.